பழைய வண்டிப் பட்டறை: வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி இரண்டே வண்டிகளைப் பற்றியவை. ஒன்று, திருவொற்றியூரில் செய்த வார்ப்பிரும்பு சிலிண்டர் புல்லட் 350. மற்றொன்று, மைசூர் ஐடியல் ஜாவாவின் 250. கீழே உள்ள அளவுகள் அந்தந்த வண்டிக்கு மட்டுமே உரியவை. அலுமினிய சிலிண்டர் வந்த பிந்தைய புல்லட்டுக்கு இவற்றைப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

திருமங்கலம் வாசகர்: அப்பா ஓட்டிய 1974 மாடல் புல்லட், 15 வருடமாக மாட்டுக் கொட்டகையில் நின்றது. கிக்கர் இறங்கவே இல்லை. இஞ்சின் ஜாம், முழுசாகப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். எங்கே தொடங்குவது?

பதில்: கிக்கர் மேல் ஏறி நிற்காமல் இருப்பதில் தொடங்குங்கள். இஞ்சின் பிடித்திருக்கும்போது முழு எடையையும் போட்டால் கிக்கர் ராட்செட் பல் உடையும். அதற்குக் கியர் பாக்ஸ் மூடியைத் திறக்க வேண்டிவரும்.

இறங்காதது எது என்று முதலில் தெரிய வேண்டும். பிளக்கைக் கழற்றி, நியூட்ரலில் வைத்து, கிளட்சைப் பிடித்தபடி கிக்கரைக் கையால் அழுத்துங்கள். இறங்கினால் கியர் பாக்ஸ் நலம், பிடித்திருப்பது இஞ்சின். இறங்காவிட்டால் இரண்டில் ஒன்று: கிக்கர் பக்கமே கோளாறு, அல்லது கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன. இத்தனை வருடம் நின்ற வண்டியில் இரண்டாவதுதான் அதிகம்.

அடுத்து ஆயில். புல்லட்டுக்கு வெளியே தனி ஆயில் டேங்க் கிடையாது; கிராங்க்கேஸ் (இஞ்சினின் அடிக்கூடு) வார்ப்பிலேயே ஓர் அறை அதற்கு இருக்கிறது. பம்ப் தேய்ந்திருந்தால் அந்த அறையில் உள்ள ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் சுழலும் பகுதியை நிரப்பிவிடும். இரண்டு லிட்டர் கெட்டி ஆயிலுக்குள் ஃப்ளைவீல் மூழ்கிக் கிடந்தால் கிக்கர் இறுகத்தான் செய்யும். அடியில் உள்ள ட்ரெய்ன் பிளக்குகள் எல்லாவற்றையும் திறந்து ஓர் இரவு வடியவிட்டுப் பாருங்கள். சில வண்டிகளில் வைத்தியம் இதோடு முடிந்துவிடும்.

அதற்கும் அசையவில்லையென்றால் பிஸ்டன் ரிங்குகள் துருவால் சிலிண்டரோடு ஒட்டியிருக்கின்றன. டீசலும் ஏ.டி.எஃப். ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர் கார்களில் ஊற்றுவது) சரிபாதி கலந்து 60–70 மில்லி பிளக் ஓட்டை வழியாக ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். நடுவில் ஒரு முறை இன்னும் கொஞ்சம் ஊற்றலாம். பிறகு நான்காம் கியரில் போட்டு, பின்சக்கரத்தை இரு கையாலும் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இம்மியளவு அசைந்தாலும் போதும். மறுபடி ஊற்றி மறுநாள் வாருங்கள்.

விட்டுக்கொடுத்ததும் ஸ்டார்ட் பண்ணத் தோன்றும். அங்கேதான் நல்ல சிலிண்டர்கள் வீணாகின்றன. ரிங் ஒட்டியிருந்த இடத்தில் துருப் பொருக்கு இருக்கும். அதோடு ஓட்டினால் புது ரிங்காக இருந்தாலும் அரை மணியில் கீறல் விழும். ஹெட்டையும் சிலிண்டரையும் இறக்கிப் பார்த்துவிடுங்கள். மேல் ரிங் எட்டும் எல்லைக்கு மேலே உள்ள சின்னக் குழிகள் தொந்தரவு தரா. ரிங் ஓடும் பாதையில் நகம் தடுக்கும் குழி இருந்தால் ரீபோர்தான், அதாவது சிலிண்டரை லேத்தில் கடைந்து பெரிதாக்க வேண்டும்.

கோவை வாசகர்: எந்த ஸ்பேனர் போட்டாலும் நட்டு வழுக்குகிறது. 11 நுழையவில்லை, 12 ஆடுகிறது. வண்டியில் முன்பு யாரோ தவறான நட்டு போட்டுவிட்டார்களா?

பதில்: நட்டு சரி, ஸ்பேனர்தான் தவறு. புல்லட் இங்கிலாந்தின் ரெடிட்ச் ஊர் ஆலையின் வரைபடத்தில் பிறந்த வண்டி. மில்லிமீட்டர் அதன் தாய்மொழி அல்ல. 1/4 அங்குல பி.எஸ்.எஃப். (நெருக்கமான மரை கொண்ட பழைய பிரிட்டிஷ் அளவு) நட்டின் முகம் 11.3 மி.மீ., 5/16-க்கு 13.3, 3/8-க்கு 15.2. ஒவ்வொன்றும் நம் வீட்டு ஸ்பேனரைவிட 0.2 அல்லது 0.3 மி.மீ. பெரிது. அதனால்தான் சின்னது நுழைவதில்லை, அடுத்தது மூலையைத் தின்கிறது. விட்வொர்த் ஸ்பேனர் செட் ஒன்று வாங்கிவிடுங்கள். அதில் '3/16 டபிள்யூ, 1/4 பி.எஸ்.' என்று இரண்டு எண்கள் பொறித்திருக்கும். இரண்டும் ஒரே வாய்தான், பி.எஸ்.எஃப். நட்டுக்கு பி.எஸ். எண்ணைப் பாருங்கள்.

ஸ்பேனர் வழுக்குவது சின்ன நஷ்டம். போல்ட் மாற்றிப் போடுவதுதான் பெரிய நஷ்டம். 1/4 பி.எஸ்.எஃப். போல்ட்டில் அங்குலத்துக்கு 26 மரை, அதாவது ஒரு மரைக்கு 0.98 மி.மீ. சாதாரண எம்6 போல்ட்டின் மரை 1 மி.மீ. கிட்டத்தட்ட ஒன்றேபோல இருப்பதால் எம்6 அந்த ஓட்டையில் சுகமாக ஏறும், கையிலேயே சுற்றலாம். ஆனால் தடிமன் 6.35-க்குப் பதில் 6 மி.மீ.; மரையின் நுனி மட்டுமே பிடித்திருக்கும். கடைசி முறுக்கில் அலுமினிய மரையைச் சுருட்டிக்கொண்டு வெளியே வரும். எம்8-ஐ 5/16 பி.எஸ்.எஃப். ஓட்டையில் போட்டால் வேறு கதை. தடிமன் ஏறக்குறைய சமம், மரை வேறு: 1.25-க்கு எதிராக 1.15. இரண்டு சுற்று ஏறி இறுகும். 'கொஞ்சம் டைட்டா இருக்கு' என்று ஸ்பேனர் போட்டால் போல்ட் புது மரையை வெட்டிக்கொண்டு போகும்.

5/16-இலேயே விட்வொர்த் 18 மரை, பி.எஸ்.எஃப். 22, யு.என்.எஃப். 24, சைக்கிள் மரை 26 என்று நான்கு உண்டு. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. மரை கேஜ் விலை அதிகமில்லை. அங்குல இலைகளும் இருக்கும் கேஜாகப் பார்த்து வாங்குங்கள். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அது வந்த ஓட்டையிலேயே இரண்டு மரை ஏற்றி வைப்பது பழைய பழக்கம். பெட்டி பெட்டியாகப் பெயர் எழுதி வைப்பதைவிட அது மேல்.

சேலம் வாசகர்: சிலிண்டரை லேத்துக்கு எடுத்துப் போனேன். பார்த்த உடனே 'நேரா 40 போட்டுடலாம்' என்கிறார். சரியா?

பதில்: அளக்காமல் சொன்ன எண் எதுவுமே சரியல்ல. புல்லட் 350-இன் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90. ஓவர்சைஸ் பிஸ்டன் 20, 40, 60 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று வருகிறது, ஒவ்வொன்றும் சுமார் அரை மி.மீ. அதிகம். முதல் ரீபோரிலேயே 40-க்குப் போனால் சிலிண்டரின் ஓர் ஆயுளைக் கைவிட்டதாகும்.

போர் கேஜ் கொண்டு ஆறு அளவு எடுக்கச் சொல்லுங்கள். மேலே ரிங் எல்லைக்குச் சற்றுக் கீழே, நடுவில், அடியில் என மூன்று மட்டம். ஒவ்வொன்றிலும் பிஸ்டன் பின் போகும் திசையில் ஒன்று, அதற்குக் குறுக்கே ஒன்று. குறுக்குத் திசையில்தான் பிஸ்டன் சாய்ந்து அழுத்தும், தேய்மானமும் அங்கேதான் அதிகம். அந்தத் திசையில் மேலுக்கும் அடிக்கும் வித்தியாசம் 0.15 மி.மீ.-க்குள் இருந்து, கீறலும் இல்லையென்றால் ஹோனிங் செய்து (உட்சுவரைக் கல்லால் லேசாகத் தேய்த்து) புது ரிங் போடலாம். தாண்டினால் 20. அதிலும் கீறல் மறையவில்லையென்றால்தான் 40.

பிஸ்டனை முதலில் வாங்குங்கள், அதையும் லேத்துக்குக் கொடுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணுக்கு போர் செய்வது கூடாது. பிஸ்டனின் கீழ்ப்பாவாடையை (ஸ்கர்ட்), பிஸ்டன் பின்னுக்குக் குறுக்கே மைக்ரோமீட்டரில் அளந்து, அதோடு இடைவெளியைக் கூட்டி போர் செய்ய வேண்டும். பிஸ்டனோடு தாள் வந்தால் அதில் உள்ள இடைவெளியே சட்டம். இல்லாவிட்டால் வார்ப்பிரும்பு சிலிண்டருக்கு 0.08 முதல் 0.10 மி.மீ. வைக்கலாம். 'டைட்டாகப் போட்டால் நீண்ட நாள் உழைக்கும்' என்று 0.05 வைத்த வண்டிதான் முதல் நெடுஞ்சாலைப் பயணத்தில் பிடித்து நிற்கிறது. காற்றால் குளிரும் இஞ்சினில் அலுமினிய பிஸ்டன், இரும்புச் சிலிண்டரைவிட வேகமாக விரியும்.

சிலிண்டர் லேத்திலிருந்து வந்ததும் ரிங் இடைவெளி பாருங்கள். ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, நுனிகளுக்கு நடுவே ஃபீலர் கேஜ் விட வேண்டும். 0.30 முதல் 0.40 மி.மீ. இருந்தால் நல்லது. குறைந்தால் மெல்லிய அரத்தால் ஒரு நுனியை மட்டும் அராவுங்கள்.

பலர் தவறவிடுவது கழுவுவதை. ஹோனிங் கல்லின் பொடி சிலிண்டரின் குறுக்குக் கோடுகளுக்குள் உட்கார்ந்திருக்கும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் எண்ணெயை எடுக்குமே தவிர, அந்தப் பொடியை எடுக்காது. சுடுதண்ணீரும் பாத்திரம் விளக்கும் சோப்பும் பிரஷ்ஷும் போட்டுத் தேயுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். சாம்பல் நிறம் வந்தால் மறுபடி கழுவுங்கள். காய்ந்தவுடன் ஆயில் தடவாவிட்டால் பத்து நிமிடத்தில் துருப் பிடிக்கும்.

சிலிண்டர் வெளியே இருக்கும்போதே கனெக்டிங் ராடை மேல் நிலையில் வைத்து நேர் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம். மேல்கீழ் ஆட்டம் துளியும் கூடாது; 'டக்' என்ற உணர்வு வந்தால் பிக் எண்ட் (ராடின் கீழ்முனை பேரிங்) போய்விட்டது. அந்தக் கிராங்க் மேல் புது பிஸ்டன் போடுவது இடிந்த சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலை.

காரைக்குடி வாசகர்: புல்லட்டில் காலையில் ஆயில் பார்த்தால் குறைவு. ஊற்றினால் மாலையில் வழிகிறது. ஏன்?

பதில்: இரவில் ஆயில் கிராங்க் பக்கம் இறங்கிவிடுகிறது, அதனால் காலையில் டிப்ஸ்டிக் பொய் சொல்கிறது. ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, ஒரு நிமிடம் கழித்துப் பாருங்கள். மொத்தக் கொள்ளளவே ஏறக்குறைய இரண்டேகால் லிட்டர்தான். 20டபிள்யூ-50 மினரல் ஆயில் போதும். ஒரே இரவில் முழுக்க இறங்கினால் பம்ப் தட்டுகளை மெல்லிய கிரைண்டிங் பேஸ்ட் கொண்டு உட்காரவைக்க வேண்டும்.

தஞ்சாவூர் வாசகர்: பெட்ரோல் டேங்க் உள்ளே செங்கல் நிறத்தில் துரு. பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் போய்விடும் என்கிறார்கள். இப்போது வருகிற எத்தனால் பெட்ரோல் பழைய வண்டிக்கு ஆகுமா?

பதில்: பாத்ரூம் ஆசிட் துருவையும் தின்னும், தகட்டையும் தின்னும். எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது. 50 வருடத் தகட்டில் ஏற்கெனவே ஊசிமுனை அளவு மெலிந்த இடங்கள் இருக்கும். ஆசிட் அவற்றைத்தான் முதலில் திறந்துவிடும். மேலும், கழுவிய பிறகும் தையல் மடிப்புகளுக்குள் தங்கி, ஒரே மாதத்தில் புதுத் துருவைக் கொண்டுவரும்.

சிட்ரிக் ஆசிட், அதாவது மளிகைக் கடை எலுமிச்சை உப்பு போதும். டேங்க்கை இறக்கி, பெட்ரோல் குழாயைக் கழற்றி ஓட்டையை ரப்பர் கார்க்கால் அடையுங்கள். முதலில் சோப்புத் தண்ணீரால் மூன்று நான்கு முறை அலசுங்கள். பெட்ரோல் வாசம் போக வேண்டும். பழைய பெட்ரோலின் பிசினுக்கு அடியில் எந்த ஆசிடும் வேலை செய்யாது. துரு பொருக்காக இருந்தால் ஒரு கைப்பிடி சின்ன நட்டுகளைப் போட்டுக் குலுக்கலாம். எண்ணிப் போடுங்கள், எண்ணி எடுங்கள்.

பிறகு லிட்டருக்கு 60 கிராம் என்று வெந்நீரில் கரைத்து, கழுத்துவரை நிரப்புங்கள். புல்லட் டேங்க்குக்கு ஒரு கிலோ அளவு பிடிக்கும். மூடியைத் திறந்தே வையுங்கள், வாயு வெளியேற வேண்டும். 12 மணி நேரத்தில் பாருங்கள், 24 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். தகடு மங்கிய சாம்பல் நிறமாக மாறியிருக்கும். கொட்டியவுடன், ஒரு வாளித் தண்ணீரில் நான்கு கரண்டி ஆப்ப சோடா கரைத்து அலசி, பின் நல்ல தண்ணீரால் அலசுங்கள். அடுத்த பத்து நிமிடம்தான் முக்கியம். ஈரத் தகடு கண்ணெதிரே மஞ்சளாகும். ஹேர் ட்ரையரால் காயவைத்து, 100 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயிலை உள்ளே விட்டு டேங்க்கை எல்லாப் பக்கமும் உருட்டுங்கள். வண்டியில் பொருத்துவது தள்ளிப்போனால் ஆயிலோடேயே இருக்கட்டும். பெயின்ட் இதற்குப் பிறகுதான். முன்னால் அடித்த பெயின்ட்டை வழியும் ஆசிட் கெடுத்துவிடும்.

ஓட்டை தெரிந்தால் ஈயப் பற்று வையுங்கள். காலி டேங்க் என்று நம்பி வெல்டிங் வைப்பது உயிரோடு விளையாடுவது. ஒரு கரண்டி பெட்ரோலின் ஆவி போதும் வெடிக்க.

எத்தனால் விஷயம். 2023 முதல் படிப்படியாக வந்த இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய வண்டியில் அது மூன்று வேலை செய்யும். முதலாவது, ஈரத்தை இழுக்கும். நிறைய ஈரம் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்க் அடியில் தங்கும். துரு தொடங்குவது அங்கேதான். இரண்டாவது, பழைய ரப்பரையும் கார்க்கையும் சில பழைய டேங்க் பூச்சுகளையும் ஊறவைத்து உப்பவிடும். உரிந்த பூச்சு நேராக ஜெட்டை அடைக்கும். குழாய், ஓ-ரிங் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் 'வைட்டான்' (Viton) ரப்பரில் மாற்றிவிட்டால் இந்தக் கவலை தீரும். மூன்றாவது, எத்தனால் எரியக் காற்று குறைவாகவே போதும். ஆகவே பழைய ஜெட் அமைப்பில் கலவை மெலியும், அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் போதாது. பிளக் முனை வெள்ளையாகவும், ஆக்சிலரேட்டரைத் திருப்பும்போது இஞ்சின் தும்முவதாகவும் இருந்தால் கார்புரேட்டர் ஊசியை ஒரு பள்ளம் உயர்த்துங்கள், முழு வேகத்தில் மட்டும் தெரிந்தால் மெயின் ஜெட்டை ஒரு எண் கூட்டுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்க்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள். 'டேங்க் நிரம்ப வைத்தால் துருப்பிடிக்காது' என்பது எத்தனால் வருவதற்கு முந்தைய காலத்து அறிவுரை.

ஓசூர் வாசகர்: 1968 ஜாவா 250. ரிங் புதிது, போர் புதிது. ஆனாலும் தெருவே மறையும் அளவு வெள்ளைப் புகை. கியர் ஆயில் வேறு குறைந்துகொண்டே போகிறது, கீழே சொட்டும் இல்லை.

பதில்: இரண்டாவது வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. கியர் ஆயில் கீழே போகவில்லை, இஞ்சினுக்குள் போகிறது. டூ-ஸ்ட்ரோக் இஞ்சினில் பிஸ்டன் மேலே ஏறும்போது கிராங்க்கேஸ் உறிஞ்சும். ஜாவாவில் கிராங்க்கின் இடப்பக்கம் பிரைமரி செயின் ஆயிலில் ஓடுகிறது. அந்தப் பக்க ஆயில் சீல் காய்ந்து கெட்டியானால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மிடறு கியர் ஆயில் உள்ளே போய் எரியும். புகையில் டூ-டி ஆயிலின் வாசம் இல்லாமல், காரமான கியர் ஆயில் வாசம் வரும். பிளக்கும் ஈரமாகக் கறுத்திருக்கும். போர் போட்டவர் மேல் குற்றமில்லை, சீலை யாரும் கேட்கவில்லை.

மாற்றும்போது வலப்பக்கத்தையும் சேர்த்து மாற்றுங்கள். அங்கே ஆயில் இல்லை, டைனமோ இருக்கிறது. ஆகவே அந்த சீல் போனால் புகை வராது, காற்று உள்ளே போகும். ஐட்லிங் நிற்காமல் ஏறி இறங்கும், ஆக்சிலரேட்டரை மூடினாலும் இஞ்சின் இறங்கத் தாமதிக்கும். புகையைவிட அது ஆபத்து, மெலிந்த கலவையில் பிஸ்டன் உருகிப் பிடிக்கும். சீல் உட்காரும் இடத்தில் ஷாஃப்டை விரலால் தடவுங்கள். பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் அதே பள்ளத்தில்தான் ஓடும். சீலை ஒரு மி.மீ. முன்னோ பின்னோ உட்காரவைத்தால் தப்பிக்கலாம்.

சீல் மாற்றியபின் முதல் பத்துப் பதினைந்து நிமிடம் புகை அப்படியேதான் வரும். இரண்டு சைலன்ஸருக்குள்ளும் தங்கிய ஆயில் எரிந்து தீர வேண்டும். உள் பேஃபிளை (சத்தத்தை அடக்கும் உட்குழாய்) கழற்றிக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்தால் கரி உரியும். கையுறை கட்டாயம், அலுமினியப் பாகம் எதுவும் அந்த வாளிக்குள் போகக் கூடாது, கரைந்துவிடும். சத்தத்துக்காகப் பேஃபிளைத் தூக்கி எறிய வேண்டாம். டூ-ஸ்ட்ரோக்கில் சைலன்ஸர் இஞ்சினின் பாதி.

பெட்ரோல் கலவை: லிட்டருக்கு 40 மில்லி, புது போருக்கு முதல் 500 கி.மீ. வரை 50. கண்ணளவில் ஊற்றாமல் அளவுக் குப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

திருநெல்வேலி வாசகர்: புல்லட்டை முழுசாக பவுடர் கோட்டிங் செய்து கோர்த்தேன். 6 வோல்ட் ஹெட்லைட் முன்பைவிட மங்கல். 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றலாம், ஆனால் இப்போதைய நோய் அது இல்லை. பவுடர் கோட்டிங் அருமையான மின்காப்பு. முன்பு ஃபிரேம் வழியாக எர்த் ஓடியது, இப்போது ஒவ்வொரு இணைப்பிலும் பெயின்ட் குறுக்கே நிற்கிறது. 6 வோல்ட்டில் 30 வாட் பல்ப் 5 ஆம்பியர் இழுக்கும். வழியில் 1 வோல்ட் தொலைந்தால் பல்புக்கு 5 வோல்ட்தான் போகும், வெளிச்சமோ ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே 1 வோல்ட் 12-இல் தொலைந்தால் அவ்வளவு தெரியாது.

லைட்டைப் போட்டுவிட்டு மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும், இன்னொன்றை பல்ப் ஹோல்டரின் எர்த்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் திருட்டுதான். ஹெட்லைட் கூட்டிலிருந்து ஃபிரேமுக்குத் தனி எர்த் வயர் ஓட்டுங்கள். ஹேண்டில் பேரிங்கும் கிரீஸும் எர்த் கடத்தும் என்று நம்ப வேண்டாம். இஞ்சினிலிருந்து ஃபிரேமுக்கு இன்னொன்று. வயர் முனை உட்காரும் இடத்தில் மட்டும் உப்புத்தாளால் உலோகம் தெரியத் தேய்த்து, முறுக்கியபின் வாசலின் தடவுங்கள். பழைய பிரிட்டிஷ் வயரிங்கில் பாசிட்டிவ் எர்த்தும் உண்டு. பேட்டரி மாட்டுமுன் உங்கள் வண்டி எந்த வகை என்று பார்த்துவிடுங்கள். தலைகீழாக மாட்டினால் ரெக்டிஃபயர் அந்த நிமிடமே போகும்.

பிறகும் 12 வோல்ட் வேண்டுமென்றால் பல்ப், ஹார்ன், பேட்டரி மட்டும் மாற்றினால் போதாது. இக்னிஷன் காயிலும் 12 வோல்ட் ஆக வேண்டும். 6 வோல்ட் காயில் கொதித்து, கான்டாக்ட் பாயின்ட்டையும் எரிக்கும். அதோடு ரெகுலேட்டர்-ரெக்டிஃபயர்.

திண்டுக்கல் வாசகர்: புல்லட் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்கால் வீங்கிவிட்டது. டைமிங் எப்படி வைப்பது?

பதில்: பொறி முன்கூட்டியே விழுகிறது. கான்டாக்ட் பாயின்ட் இடைவெளியை முதலில் 0.35 முதல் 0.40 மி.மீ.-க்குள் வையுங்கள், அதை மாற்றினால் டைமிங்கும் மாறும் என்பதால் வரிசை முக்கியம். பிறகு கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே வரும்போது பாயின்ட் திறக்கத் தொடங்க வேண்டும். வேகம் கூடும்போது பொறியை முன்கூட்டி விழவைக்கும் ஆட்டோ அட்வான்ஸ் பாகம் அப்போது முழுக்கச் சுருங்கிய நிலையில் இருக்கட்டும். அதன் ஸ்பிரிங் தளர்ந்து அரைவாசி விரிந்தே கிடந்தால் எவ்வளவு கவனமாக வைத்தாலும் வண்டி திருப்பி அடிக்கும். உங்கள் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

பிளக் ஓட்டை சாய்வாக இருப்பதால் அதில் குச்சி விட்டு 0.8-ஐ அளப்பது ஏமாற்றும். ஹெட் இறங்கியிருக்கும் நாளிலேயே டெப்த் வெர்னியரால் அளந்து, பிரைமரி மூடிக்குள் ரோட்டரிலும் ஸ்டேட்டரிலும் நேர்கோடாக ஓர் அடையாளம் கீறிவையுங்கள், ஆயுளுக்கும் உதவும். உச்சியில் பிஸ்டன் சற்று நேரம் நின்றாற்போலத் தோன்றும். அதனால் உச்சிக்கு இருபுறமும் ஒரே ஆழத்தில் குறித்து, நடுவே உச்சி என்று கொள்ளுங்கள். பாயின்ட் நடுவே சிகரெட் தாள் ஒன்றைக் கவ்வவிட்டு இஞ்சினை ஓடும் திசையில் மெல்லச் சுற்றினால், தாள் விடுபடும் கணமே திறக்கும் கணம்.

உதைப்பதிலும் முறை உண்டு. கிக்கர் இறுகும்வரை தள்ளுங்கள். டிகம்ப்ரஷன் லீவரை (சிலிண்டர் அழுத்தத்தை விடுவிப்பது) பிடித்து, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை இன்னும் சற்றுத் தள்ளுங்கள். விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு நீளம் உதையுங்கள்.

திருச்சி வாசகர்: ஃபிரேமுக்கு பவுடர் கோட்டிங்கா, பெயின்ட்டா? எல்லாவற்றையும் குரோம் செய்யலாமா?

பதில்: ஃபிரேமுக்கும் ஸ்டாண்டுக்கும் பவுடர் உழைக்கும். ஆனால் அனுப்புமுன் ஹேண்டில் பேரிங் கிண்ணம், மரை ஓட்டைகள், இஞ்சின் தாங்கும் தகடுகளின் முகம் எல்லாவற்றையும் வெப்பம் தாங்கும் டேப்பாலும் போல்ட்டாலும் மூடச் சொல்லுங்கள். மூடாமல் வந்தால் அரை நாள் சுரண்டும் வேலை. சேசிஸ் எண்ணும் இஞ்சின் எண்ணும் அதைவிட முக்கியம். மணல் வீச்சில் எண் மங்கினால், அல்லது அதிகத் தடிமனில் பவுடர் மூடினால், ஆர்.டி.ஓ. ஆய்வில் பதில் சொல்ல முடியாது. அனுப்புமுன் பென்சிலால் தாளில் உரசிப் படி எடுத்து, போட்டோவும் வைத்துக்கொள்ளுங்கள்.

டேங்க்குக்குப் பெயின்ட்தான். அந்தத் தங்கக் கோடுகளைத் திருவொற்றியூர் ஆலையில் நீளமயிர்த் தூரிகையால் கையாலேயே இழுத்தார்கள். ஸ்டிக்கர் கோடு ஒரே தடிமனில் சவமாக இருக்கும்; கைக்கோடு வளைவில் சற்று மெலியும். போர்டு எழுதும் ஓவியர் உங்கள் ஊரில் இன்னும் இருந்தால் அவரிடம் போங்கள்.

குரோம் பூச்சு மைக்ரான் கணக்கில் மெலிதானது. பளபளப்பும் துருத்தடுப்பும் அடியில் உள்ள நிக்கல் தருவது. 'செம்பு, நிக்கல், குரோம் மூன்றும் போடுகிறீர்களா' என்று கேளுங்கள். நேரடி குரோம் ஒரு மழைக்காலம் தாங்காது. ஆலையில் பெயின்ட் அடித்த பாகத்தைக் குரோம் ஆக்குவது, எங்கள் கருத்தில், பாட்டிக்கு ஜரிகைப் பாவாடை கட்டுவது. ஸ்போக்ஸ் கம்பிகளையும் ஸ்பிரிங்குகளையும் பழைய துரு நீக்கிக் குரோம் செய்யவே வேண்டாம். ஆசிட் குளியலில் ஹைட்ரஜன் உட்புகுந்து எஃகு நொறுங்கும் தன்மை அடையும். கம்பியைப் புதிதாக வாங்குங்கள்.

சக்கரம் பிரிக்கிறவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். புல்லட்டின் 19 அங்குல ரிம்முக்கு 40 கம்பி. ரிம் ஹப்பின் நட்டநடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளியிருக்கலாம். பிரிக்குமுன் ஹப் ஓரத்திலிருந்து ரிம் ஓரம்வரை இருபுறமும் அளந்து எழுதாவிட்டால், கோட்டம் எடுப்பவர் நடுவில் வைத்துக் கட்டிவிடுவார். பிறகு செயினும் சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கா.

சென்னை வாசகர்: 1966 வண்டி. ஆர்.சி. காலாவதி. 'வின்டேஜ்' பதிவு வாங்கினால் நல்லதா?

பதில்: ஓட்டுவதற்கா, வைத்துக்கொள்வதற்கா என்று முதலில் முடிவு செய்யுங்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த, பெரிய மாற்றம் செய்யாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் வின்டேஜ். படிவம் 20-இல் விண்ணப்பம், காப்பீடு, பழைய ஆர்.சி., வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் இறக்குமதிச் சீட்டு வேண்டும். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. நம்பர் பலகையில் மாநில எழுத்துகளுக்குப் பின் 'வி.ஏ.' என்று வரும். ஆனால் அந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, ஆய்வு, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கே சாலையில் எடுக்கலாம். தினம் அலுவலகம் போக முடியாது.

ஞாயிறு காலை மாமல்லபுரம் போய்வர ஆசை இருந்தால், பழைய எண்ணிலேயே படிவம் 25 மூலம் ஆர்.சி.யைப் புதுப்பியுங்கள். ஆய்வில் தேறினால் 5 வருடம். ஆர்.சி. தொலைந்திருந்தால் முதலில் படிவம் 26. வண்டி வாங்கும்போதே எண்ணும் ஆர்.சி.யும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். இஞ்சின் கோளாறுக்கு லேத் உண்டு, எண் கோளாறுக்கு இல்லை.

விழுப்புரம் வாசகர்: புல்லட்டில் எல்லாம் கோர்த்துவிட்டேன். முதல் உதைக்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: ஃபெல்ட் ஆயில் ஃபில்டர் புதிதா? அதன் கிண்ணத்தில் ஆயில் நிரப்பி மூடினீர்களா? புஷ் ராட் இரண்டும் குளிர்ந்த நிலையில், கம்ப்ரஷன் உச்சியில், விரலால் உருட்டினால் சுழல வேண்டும். மேல்கீழ் ஆட்டம் இருக்கக் கூடாது. பிளக் இல்லாமல் முப்பது நாற்பது முறை கிக்கரை இறக்கி ஆயிலை ஏற்றுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் ராக்கருக்குப் போகும் ஆயில் குழாயின் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்துங்கள். அந்தக் குழாய்க்கு ஆயில் வருவது ரிட்டர்ன் பம்பிலிருந்து. ஒரு நிமிடத்தில் ஆயில் கசிந்தால் இறுக்கிவிட்டு ஓட்டலாம். கசியவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள். பெரும்பாலும் டைமிங் பக்க மூடியின் கேஸ்கெட்டில் ஆயில் ஓட்டை மறைந்திருக்கும், அல்லது மூடியைப் பொருத்தும்போது சின்ன ரப்பர் சீல் மடங்கியிருக்கும்.

முதல் சூடு ஆறி இஞ்சின் முழுக்கக் குளிர்ந்தபின் ஹெட் நட்டுகளை மறுபடி முறுக்கி, புஷ் ராடையும் மறுபடி பாருங்கள். முதல் 500 கி.மீ. வரை மணிக்கு 50 கி.மீ.-க்கு மேல் வேண்டாம். அதேபோல் நான்காம் கியரில் 25-இல் முனகவிடவும் வேண்டாம், அது வேகத்தைவிடக் கெடுதல். முதல் ஆயிலை 250 கி.மீ.-இல் வடித்து, வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் ஆட்டிப் பாருங்கள். மெல்லிய சாம்பல் மினுமினுப்பு ரிங் உட்காருவதால் வருவது. மஞ்சள் நிறத் துகள் தெரிந்தால் ஏதோ ஒரு புஷ் (வெண்கல வளையம்) தேய்கிறது. அடுத்த ஆயிலை ஊற்றுமுன் அது எது என்று தேடுங்கள்.